வெறும் தொட்டிக்குத் தீனி

நான்காம் நாளும் அந்தப் பாறை குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மற்ற எட்டுப் பாறைகளும் முதல் நாள் சாயங்காலமே அடங்கிவிட்டன. சூளையில் வெந்து வந்த செராமிக் பாறை அப்படித்தான். உடம்பெல்லாம் நுண்துளை, துளையெல்லாம் காற்று. தண்ணீரில் இறக்கியதும் சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி பொங்கி அரை மணி நேரம் ஆர்ப்பாட்டம் செய்யும். பிறகு துளைதுளையாகத் தண்ணீர் குடித்து, மறுநாள் காலையில் வாய் மூடிக் கிடக்கும். இருபத்திரண்டு வருஷமாகச் சின்னவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்காம் நாள் குமிழி விடுகிற பாறையை அவள் பார்த்ததில்லை. அதுவும் இது தொடர்ந்தாற்போல விடவில்லை. நாலைந்து குமிழி விடும், நிறுத்தும். ஆள் போய்விட்டாளா என்று காது கொடுத்துக் கேட்பது போலக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு மறுபடி நாலைந்து.

பெரிய துண்டு, காற்றும் கூடத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சின்னவள் முக்காலியில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் எந்த முடிவுக்கு வந்தாலும் உடனே உட்கார்ந்துவிடுகிறாள். நின்றுகொண்டு யோசிக்கிற தெம்பெல்லாம் மூன்று மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

தொழில் இதுதான். கடல் தண்ணீர் நிரப்பிப் பவளமும் மீனும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிகளுக்குள் அடுக்கப் பாறை வேண்டும். கடலில் இருப்பதைப் பெயர்க்காமல், களிமண்ணில் செய்து சுட்டுக் கொடுத்தார்கள் அக்காவும் தங்கையும். உருவம் பிடித்துச் சுடுவது பெரியவள். சுட்டதைத் தண்ணீருக்குப் பழக்குவது சின்னவள். வாடிக்கைக்காரர்கள் பெரியக்கா, சின்னக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் என்பது கையெழுத்துப் போடும்போது மட்டும் ஞாபகம் வருகிற சமாசாரமாகிவிட்டது.

பெரியவளின் வேலை கண்ணுக்குத் தெரியும். குகை, வளைவு, மீன் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிற சந்து எல்லாம் அவள் விரலாலேயே குடைவாள். வருகிறவர்கள் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். சின்னவளின் வேலையை யாரும் பார்த்ததில்லை, அது இருட்டில் நடப்பது. சூளையிலிருந்து வருகிறது செத்த பாறை. அதை அப்படியே மீனோடு போட்டால் மீன் தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும். கழிவைத் தின்று தீர்க்கிற கிருமிகள் பாறைக்குள் குடியேற வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தூசி போக்க வேண்டும். பிறகு உப்புத் தண்ணீர், மிதமான சூடு, தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஒரு குட்டி மோட்டார், பாசி பிடிக்காமலிருக்க முழு இருட்டு. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, பழைய தொட்டியிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைச் சில்லு ஒன்று. அப்புறம் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி.

மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி. அது அழுகி, அழுகலைத் தின்னக் கிருமி வந்து, அது பெருகிப் பாறை உயிர் பிடிக்க ஆறு வாரமாகும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பது பெரியவள் போட்ட சட்டம். அதனால் இருபத்திரண்டு வருஷத்தில் சின்னவள் சேர்ந்தாற்போல இரண்டு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவாள். வெறும் தொட்டி பசியில் அழுதுகொண்டிருக்கும், விடுங்கள், போகட்டும் என்று அண்ணன் கேலி செய்வார்.

இது கடைசித் தொகுதி. ஒரு கண் மருத்துவமனையின் முன்கூடத்தில் வைக்கிற தொட்டிக்காக ஒன்பது பாறைகளுக்குப் பெரியவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இதை முடித்துக் கொடுத்துவிட்டால் சின்னவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம். அண்ணன் மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "அத்தை, எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. வந்துடுங்க. ஒரு மாசம் யாரும் உங்களை எழுப்ப மாட்டோம், தூங்குங்க."

அந்தத் 'தூங்குங்க' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சரி என்றாள். பெட்டியைக்கூடக் கட்டி வாசல் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆறு வாரத்துக்கு முன்பே பெட்டி கட்டுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கே வந்தது, ஆனால் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

குமிழி விடுகிற பாறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பதில் பெரியது அது, எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார வேண்டிய துண்டு. பெரியவள் அதைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவளுக்கு மண்டைக்குள் நரம்பு வெடித்தது. சத்தம் எதுவும் வரவில்லை. சின்னவள் எதற்கோ அந்தப் பக்கம் போனபோது, அக்கா மேசையில் தலை சாய்த்திருந்தாள். அவள் இடக்கைக்காரி. இடக்கை ஐந்து விரலும் ஈரக் களிமண்ணுக்குள் இரண்டாம் கணு வரை புதைந்து, விழப்போகிறவள் எதையோ பற்றிக்கொண்ட மாதிரி இறுகியிருந்தன. சின்னவள் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரலில் முடித்தாள். ஒவ்வொரு விரல் வெளியே வரும்போதும் களிமண் ஈரமாக முத்தமிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

பதினோரு நாள் மருத்துவமனை. அதன்பின் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், சின்னவள் பட்டறைக்குள் நுழைந்தபோது எட்டுப் பாறைகளும் காய்ந்து சூளைக்குத் தயாராக இருந்தன. ஒன்பதாவது மேசையிலேயே இருந்தது, மேலே ஐந்து குழிகளோடு.

அதை உடைத்து, தண்ணீர் ஊற்றி, பழைய களிமண் வாளியில் போட்டிருக்க வேண்டும். வேறு எவளாக இருந்தாலும் போட்டிருப்பாள். ஆனால் புதிதாக ஒன்று செய்ய அவளுக்குக் கை வராது, எட்டாகக் கொடுக்கவும் முடியாது, பிசைந்த மண்ணை வீணாக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் காதில் ஓதப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைக்கு அவளால் ஒரு வாளி தூக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சூளையில் ஏற்றிவிட்டாள். பெரியவள் குடைகிற துளை எதுவும் மறுபக்கம் வெளியே வராமல் இருக்காது. வழியில்லாத குழியில் தண்ணீர் தங்கும், தங்கினால் அழுகும் என்பாள். இந்த ஐந்தும் வழியில்லாத குழிகள். தெரிந்தேதான் சுட்டாள்.

ஐந்தாம் நாள் குமிழி நின்றது. சின்னவள் நிம்மதியாகப் பாறைகளை உப்புத் தண்ணீருக்கு மாற்றினாள்.

பின்னறையில் மூன்று நீலப் பிளாஸ்டிக் தொட்டிகள். சன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கிணற்றுக்குள் இருக்கிற மாதிரிதான். நெற்றியில் கட்டுகிற சிவப்பு விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். முதல் இரண்டு தொட்டிகளில் நான்கு நான்கு பாறை. மூன்றாவதில் பெரியது தனியாக. மூன்று மோட்டாரும் மூன்று சுருதியில் முனகும். அந்த முனகலையும் ஈர உப்பின் வாசனையையும் கேட்டு முகர்ந்து பழகிய அவளுக்கு, அறைக்குள் நுழைந்ததுமே எந்தத் தொட்டியில் என்ன கோளாறு என்று மூக்கும் காதும் சொல்லிவிடும். இரண்டாம் வாரம், மூக்கு ஒன்றைச் சொன்னது. மூன்றாவது தொட்டியில் அழுகல் வாசனையே இல்லை.

மற்ற இரண்டிலும் தீனி சாம்பல் நிறத்தில் அடியில் படிந்து, மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அது நல்ல அறிகுறி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் கரும்பச்சையாக மாறியது, அழுகலில் பிறக்கிற அமோனியா ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டால் வெளிர் மஞ்சள். ஒன்றுமே இல்லை. முதல் நாளிலிருந்து ஒன்றுமே இல்லை. போட்ட தீனியையும் காணோம். விளக்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் தேடினாள். அடித்தரை துடைத்துக் கழுவிய தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

சரி, மோட்டார் உறிஞ்சியிருக்கும். கழற்றிப் பார்த்தாள், இல்லை. அன்றைக்கு இரண்டு சிட்டிகை போட்டாள். மறுநாள் காலையில் அதுவும் இல்லை. மூன்று சிட்டிகை. நான்காவது நாள் எண்ணாமல் ஒரு பிடி அள்ளிப் போட்டாள், போட்டபின்தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. பசிக்கிறவர்களுக்குப் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறாள்.

தட்டல் அதற்கு மறுநாள் ஆரம்பித்தது.

பெரியவளுக்கு வேலை செய்யும்போது கையெல்லாம் மண்ணாக இருக்கும். கூப்பிட வேண்டுமென்றால் வாய் திறக்க மாட்டாள். பக்கத்தில் இருக்கிற வாளியிலோ தொட்டியிலோ முட்டியால் மூன்று தட்டுத் தட்டுவாள், இரண்டு வேகமாக, மூன்றாவது கொஞ்சம் தாமதித்து. வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சின்னவள் வந்து நிற்க வேண்டும். பேச்சு போனபின் மருத்துவமனைக் கட்டிலின் கம்பியிலும் அதே மூன்று தட்டு. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, இடக்கை மட்டும் கட்டிலில் தனியாக உயிரோடு இருந்தது. தட்டும். சின்னவள் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது.

சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், பின்னறையிலிருந்து அந்த மூன்று தட்டைக் கேட்டதும் ஈரக் கையோடு பாதி தூரம் நடந்துவிட்டாள். கால்கள் பழக்கத்தில் நடந்தன. நடைக்கூடத்தில்தான், தட்ட ஆளில்லை என்று ஞாபகம் வந்து நின்றாள்.

மோட்டாரின் குழாய் தொட்டிச் சுவரில் மோதுகிறது, வேறென்ன. குழாயைத் துணியால் சுற்றிக் கட்டினாள். ஒரு நாள் சத்தமில்லை. அடுத்த நாள் மத்தியானம் மறுபடி கேட்டது. மூன்று மோட்டாரையும் நிறுத்திவிட்டு இருட்டில் நின்று கேட்டாள். முதல் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றது. இரண்டாவதில் நின்றது. மூன்றாவதில், மூடிக்கு அடியில், தண்ணீர் மெதுவாக விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அவள் மோட்டார்களைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அன்றைக்குத் தீனி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள்.

மூன்றாம் வாரம் வெள்ளை வந்தது. புதுப் பாறையில் வெள்ளையாக ஒரு வழவழப்பு படரும், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய பாறையில் அது படரவில்லை. ஐந்து குழிகளுக்குள் மட்டும் வந்தது. முதலில் அடியில் ஒரு துளி பால் மாதிரி. இரண்டு நாளில் குழி பாதி நிறைந்தது. வார முடிவில் ஐந்து குழியும் விளிம்பு வரை நிறைந்து, மேலே லேசாக உருண்டு நின்றன. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒன்றைத் தேய்த்தாள். வழுக்கிக்கொண்டு போகும் என்று பார்த்தால், அது உள்ளே இழுத்துக்கொண்டது. பிரஷ்ஷை எடுத்ததும் மெல்ல மேலே வந்து பழைய இடத்தில் நின்றது.

தொட்டிக்காரரைக் கூப்பிட்டாள். கண்ணாடித் தொட்டி அமைத்துக் கொடுக்கிறவர், பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பழக்கம், அக்காவின் காரியத்தன்று கடைசி வரை கூட நின்றவர். சாயங்காலம் அளவு நாடாவோடு வந்தார். தனக்குப் பின்னால் இன்னொரு ஆள் அந்த அறைக்குள் நுழைந்ததே சின்னவளுக்குப் பாதி வியாதி தீர்ந்த மாதிரி இருந்தது. மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினாள்.

வெள்ளை எதுவும் இல்லை. ஐந்து குழிகளும் கழுவி வைத்த மாதிரி காலியாக இருந்தன.

கடற்பஞ்சாக இருந்திருக்கும், வெளிச்சம் பட்டால் சுருங்கிவிடும், நல்ல சகுனம்தான் என்றார் அவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுவிரலைக் குழியில் விட்டார். விரல் முழுக்கப் போயிற்று. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"பெரியக்கா கைவேலை தனிதான். அடியே தட்டலையே, அந்தப் பக்கம் எங்க வருது இது?"

சின்னவள் விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள். இரண்டாம் கணு வரைதான் அந்தக் குழி. அவளே பிரித்தெடுத்த விரல்கள், அவளுக்குத் தெரியாதா? தொட்டிக்காரர் பாறையைப் புரட்டிப் பார்த்து, மறுபக்கம் ஓட்டை இல்லாததைக் கண்டு, தோளைக் குலுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது பெரிய விஷயமில்லை. கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒழுங்கா தூங்குறீங்களா சின்னக்கா?"

"எங்க தம்பி. இதை முடிச்சுட்டுத்தான்."

அவர் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. பின்னறையில் இரண்டு தட்டு வேகமாக. மூன்றாவது கொஞ்சம் தாமதித்து.

அதன்பிறகு அவள் அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் போனாள். முதல் இரண்டு தொட்டிகளும் ஒழுங்காக இருந்தன, அமோனியா ஏறி, இறங்கி, பாறைகள் ஒவ்வொன்றாக உயிர் பிடித்தன. மூன்றாவது தொட்டியை மூடியைத் தூக்காமல், விளிம்பில் ஒரு விரல் இடைவெளி விட்டுத் தீனியைத் தூவினாள். தூவும்போது தண்ணீருக்குள் ஏதோ மேலே எழும்பி வருகிற சலசலப்புக் கேட்கும். கோழிகளுக்கு இரை போடும்போது அவை ஓடி வருவது ஞாபகம் வந்தது. தீனி டப்பா தீர்ந்து புது டப்பா திறந்தாள். அதுவும் பாதியானது.

நிறுத்திவிடலாம் என்று தோன்றாமலில்லை. ஒரு நாள் போடாமல் இருந்து பார்த்தாள். அன்றைக்குத் தட்டல் நிற்கவேயில்லை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கூடத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தபோது. கோபமான தட்டல் என்று சொல்ல முடியாது. அதுதான் தாங்க முடியவில்லை. அது மருத்துவமனைத் தட்டல். பக்கத்தில் வா, கொஞ்ச நேரம் இரு என்கிற தட்டல்.

மருத்துவமனையில் கடைசி நாளன்றும் பெரியவள் அப்படித்தான் தட்டினாள். சின்னவள் பதினோரு நாளாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவள், முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது. பெரியவளின் இடக்கை அவள் கையைப் பிடித்திருந்தது. "தொட்டிக்குத் தீனி போட்டுட்டு வந்துடறேன்க்கா" என்றாள். கை விடவில்லை. சின்னவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், சுண்டுவிரலில் ஆரம்பித்து. பிரித்த விரல் மறுபடி மடங்கப் பார்த்தது. கடைசியில் கட்டைவிரல். அக்காவின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் தீனி இல்லாவிட்டால் தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டுக்கு வந்தவள் தீனி போடவில்லை. பின்னறைத் தரையில், தொட்டிகளுக்கு நடுவில், இருட்டில், விழுந்து தூங்கினாள். நான்கு மணி நேரம். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. எழுந்தபோது தொலைபேசியில் மருத்துவமனையிலிருந்து வந்த ஏழு அழைப்புகள் இருந்தன.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் ஒரு வழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். எட்டுப் பாறை போதும். பெரியது விரிசல் விட்டுவிட்டது என்று தொட்டிக்காரரிடம் சொன்னாள். அவர் அடிக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மறுநாளே வந்து எட்டையும் ஏற்றிக்கொண்டு போனார். அண்ணன் மகளுக்குச் செய்தி சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியோடு வருகிறேன், தயாராக இருங்கள் அத்தை என்றாள் அவள். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பாறையை வெளியே தூக்கி, கொல்லையில் போட்டு, சம்மட்டியால் உடைத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை மூன்றரை மணி. வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டி கழுவுகிற சத்தம், பக்கத்து வீட்டில் வானொலி. கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாள். சம்மட்டியைப் படியில் சாய்த்து வைத்தாள். பின்னறைக்குள் போய், சன்னலின் கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாள். அது பல வருஷத்துப் பசை, துண்டு துண்டாகத்தான் வந்தது, இரண்டு கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. போதும். மூன்றாவது தொட்டியின் மோட்டாரைப் பிடுங்கினாள். மூடியை எடுத்தாள்.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பாறை அடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. வெள்ளை இல்லை. ஐந்து குழிகளும் காலி. ஒரு குமிழிகூட இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. இதற்காகவா இத்தனை நாள். தூக்கம் இல்லாத மூளை என்னென்ன காட்டுகிறது. வெறும் பாறை, தப்பாகச் சுட்ட ஒரு பாறை.

கனமான பாறையைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்க ஒரு முறை உண்டு. சொரசொரப்பில் உள்ளங்கை வழுக்கும், கீறும். அதனால் துளைகளில் விரல் கோத்து ஒரு கை, அடியில் தாங்கி ஒரு கை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு பாறையையும் அப்படித்தான் தூக்கியிருக்கிறாள். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. அடியில் வலக்கை. மேலே இடக்கை.

இடக்கை ஐந்து விரலும் ஐந்து குழிகளுக்குள் பாந்தமாகப் போய் உட்கார்ந்தன. அக்கா தங்கைக்கு ஒரே அளவுக் கை. சின்ன வயதில் ஒரு ஜோடி கையுறையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள்.

முதல் கணு. இரண்டாம் கணு.

விரல்கள் நிற்கவில்லை. இன்னும் உள்ளே போயின. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டர் சூடு இல்லை அது. உள்ளங்கை பாறையில் அப்பிக்கொண்டது.

எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

நினைத்த அந்த நொடியில், நடுவிரல் நுனியில் ஏதோ தட்டியது. மிருதுவாக. விரல் நுனியில் இன்னொரு விரல் நுனி.

மூன்று முறை. இரண்டு வேகமாக.

மூன்றாவது கொஞ்சம் தாமதித்து.

இழுத்தாள். கை வரவில்லை. வலக்கையை அடியிலிருந்து உருவி, இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பாறை தொட்டித் தரையில் நகர்ந்து சுவரில் இடித்தது. தண்ணீர் முழங்கை வரை ஏறியது. வாசலில் வண்டி நின்ற சத்தம். கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

"அத்தை! பெட்டி ரெடியா இருக்கே. நீங்க எங்க?"

வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வலக்கையால் சுண்டுவிரலைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தாள். எப்போதும் செய்கிற மாதிரி, அதில் ஆரம்பித்து. அது அசையவில்லை.

தண்ணீர் தெளிந்தது. கிழிந்த காகிதத்தின் வழியே வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் கட்டைவிரலுக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒன்று கசிந்து மேலே வந்தது. வந்து, தடித்தது. கணு வைத்தது. நகம் இருந்தது, நக இடுக்கில் அப்பிய களிமண் இருந்தது. அது நிதானமாக வளைந்து அவள் புறங்கையின் மேல் படிந்து, இறுகியது.

பிறகு ஆள்காட்டி விரல்.

நடைக்கூடத்தில் அண்ணன் மகளின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு அறையாக நின்று நின்று வந்தது.

நடுவிரல்.

மோதிர விரல், மோதிரம் போட்டுத் தேய்ந்த தடத்தோடு.

சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தது. அது அவசரப்படவில்லை.